பார்த்தாச்சு

மழை வருமா, தண்ணி ஏறுமா என்று தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் யாரும் டிவி பார்ப்பதில்லை. ரேடியோவைத்தான் கேட்பார்கள். ரேடியோ ஒரு பெண். மழைநீர்க் கால்வாய் தூர்வாரும் கூட்டத்தில் சேறு சுமப்பவள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் அவளுக்கே அது ஞாபகம் வரும். தெரு முனையில் நின்று அவள் சாதாரணமாகப் பேசினால் கடைசி வீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். அதனால் வந்த பெயர்.

தெரு ஒரு பள்ளம். ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் பெரிய சிமெண்ட் கிடங்கு ஒன்றின் மதில். மேட்டுத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் இங்கேதான் இறங்கி வரும். தெருவுக்கு அடியில் ஓடும் கால்வாய், கிடங்குக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் ஆற்றில் போய் விழுகிறது. கால்வாய் திறந்திருந்தால் தெரு பிழைத்தது. அடைத்திருந்தால் தண்ணீர் வந்த வழியே திரும்பி, குழி மூடிகளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். முன்பு ஒருமுறை அப்படி வந்து, படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவரைப் பாயோடு தூக்கி மிதக்க விட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். தெருதான் அதற்குப் பிறகு மழைச் சத்தத்தில் கண்ணை மூடுவதில்லை.

கோடை முடிவதற்குள் தூர்வார வேண்டும். வேலை ஒரு குழியிலிருந்து அடுத்த குழி வரைக்கும்; அதுதான் ஒரு துண்டு. ஆண்கள் உள்ளே இறங்கி வாளியில் அள்ளிக் கொடுப்பார்கள். பெண்கள் இரும்புச் சட்டியில் வாங்கிச் சாலை ஓரத்தில் கொட்டுவார்கள். ஒரு துண்டு முடிந்ததும், அந்தக் குழியில் ஒருவன் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்புவான். இந்தக் குழியில் மேஸ்திரி குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். வெளிச்சம் முழுவட்டமாகத் தெரிந்தால் எழுந்து கையைத் தட்டி, "பார்த்தாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் மூடி போடுவது.

அந்தக் கூட்டத்தில் பொய் சொல்லாதவர் யாரும் கிடையாது. வராத நாளுக்குச் செத்துப்போன மாமாவையே மறுபடி சாகடிப்பார்கள். குடித்ததைக் குடிக்கவில்லை என்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லில் மட்டும் பொய் கலந்ததில்லை. நாளைக்கு அதே கால்வாய்க்குள் அதை நம்பி இன்னொருவன் ஊர்ந்து போக வேண்டும். மேஸ்திரி, ரேடியோவின் கூடப் பிறந்த அண்ணன். ஒருமுறை வெளிச்சம் பாதி வட்டமாகத் தெரிந்ததற்கு, கைகால் கழுவி வீட்டுக்குக் கிளம்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உள்ளே இறக்கினார். "பாதியா தெரிஞ்சா அதுக்குப் பேரு பார்த்ததில்ல. இறங்குங்கடா" என்றார். திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ரேடியோ அன்றைக்கு நாலு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தக் கோடை வேறு மாதிரி இருந்தது. குழி மூடியை வெறும் கையால் தொட முடியவில்லை. சாக்கை நனைத்துச் சுற்றித்தான் தூக்கினார்கள். சாலைத் தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. அள்ளிப் போட்ட சேறு, அடுத்த சட்டி வருவதற்குள் மேலே ஓடு கட்டியது. உள்ளே இறங்கியவர்கள் வாயைத் திறந்து மீன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள். உச்சி வெயிலில் வெளியே வராதீர்கள் என்று அரசாங்கம் சொன்னது. யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. கடைசியாக மிச்சம் இருந்தது கிடங்குக்குக் கீழே போகும் துண்டு. அன்றைக்கு மதியத்தோடு பெண்களை மட்டும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் மேஸ்திரி.

மறுநாள் காலையில் ரேடியோ வந்தபோது கிடங்கு ஓரத்துக் குழிக்கு மூடி போட்டிருந்தது. அண்ணன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நம்ம துண்டு முடிஞ்சுதா?"

"பார்த்தாச்சு பாப்பா."

முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அன்று மாலை தெரு முனையிலிருந்தே சத்தம் கொடுத்தாள். "நம்ம தெரு பார்த்தாச்சு! இனிமே வானமே உடைஞ்சு விழுந்தாலும் காலை நீட்டிப் படுங்க!"

அடுத்த வாரத்தில் ஒரு பிற்பகல், காற்று திடீரென்று நின்றது. நாய்கள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தன. மேற்கே வானம் நசுங்கிய பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரிக் கறுத்துக்கொண்டு வந்தது. வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய ரேடியோ வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

தையல்காரிக்கு ஒரே அறைதான் வீடு. இரண்டு மெஷின், ஒரு கட்டில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பள்ளிக்கூடச் சீருடைத் துணிக்கட்டு. பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டியவை. பல வருஷமாக எந்தப் பள்ளியும் கொடுக்காத வேலை; நாய் மாதிரி அலைந்து வாங்கியது. அவளும் ரேடியோவும் ஒரு தட்டில் சாப்பிடுகிறவர்கள். அவளுடைய மகளுக்கு ரேடியோதான் பெரியம்மா.

"அக்கா, துணியெல்லாம் மேல ஏத்திடவா? பரண்ல இடம் இல்ல. உங்க வீட்டுக் கட்டில்ல கொஞ்சம், மாடி வீட்ல கொஞ்சம்னு குடுத்துடலாமான்னு பாக்குறேன்."

"இந்த வேக்காட்டுல இடுப்பை ஒடிச்சுக்கணுமா? பேசாம தை. எங்கண்ணன் பார்த்தாச்சுன்னு சொல்லிட்டார். தெருவைக் கழுவி விட்டுட்டுத் தண்ணி தானா போயிடும்."

"இல்லக்கா, இது வேற மாதிரி கறுக்குது."

"அடியே, நான் இத்தனை வருஷம் அந்தச் சேத்தைத் தலையில சுமந்தவ. என்னை விடவா உனக்குத் தெரியும்?"

எதிரே மதில் நிழலில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் சிரித்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். "ரேடியோவே சொல்லிருச்சும்மா. இதுக்கு மேல அப்பீல் கிடையாது. போய் மெஷினை மிதி" என்றார்.

தையல்காரி உள்ளே போனாள். மெஷின் சத்தம் கேட்டது.

முதலில் காற்று வந்தது. இரண்டு வீட்டுத் தகரத்தைப் பிய்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டது. பின்னாலேயே ஆலங்கட்டி. கொஞ்ச நேரம் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். பிறகு ஒரு கட்டி கண்டக்டரின் வழுக்கையில் விழுந்து ரத்தம் வந்ததும் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். அதற்குப் பிறகு மழை. இடி விழுந்ததில் கரண்ட் போய்விட்டது. மழை சொட்டுச் சொட்டாக இல்லை, கொட்டிக் கவிழ்த்தது.

ரேடியோ கதவோரம் நின்று குழி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அதன் ஓட்டைகளில் சுழித்து இறங்கியது. "பாரு, எப்படிக் குடிக்குது!" என்று புருஷனிடம் காட்டினாள். அவன் மூட்டை தூக்குகிறவன். முதுகுப் பிடிப்பில் படுத்திருந்தான். "குடிக்கட்டும், குடிக்கட்டும். நம்ம தெருவுல குடிக்காதது எது?" என்றான்.

மூடி குடிப்பதை நிறுத்தியது. சுழி அடங்கியது. ஓட்டைகளில் குமிழி கிளம்பியது. பிறகு மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. கறுப்புத் தண்ணீர் உள்ளேயிருந்து புரண்டு வெளியே வந்தது.

ரேடியோவுக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர் வழி தப்பி வருகிறது, இதோ போய்விடும் என்றே நினைத்தாள். அதற்குள் வாசற்படி மறைந்தது. புருஷனைத் தூக்கிக் கட்டில் மேல் உட்கார வைத்து, அதே ஓட்டத்தில் தையல்காரி வீட்டுக்குப் பாய்ந்தாள். தையல்காரியும் மகளும் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேல்கட்டுகள் நாலைந்து பிழைத்தன. அடியில் இருந்தவை தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனத்தன. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கால்வாய்ச் சேறு ஏறி வெள்ளைச் சட்டைத் துணி தார் பூசியது மாதிரி ஆனது. மெஷின் மோட்டார் முழுகியது.

தையல்காரி கத்தவில்லை. கையில் இருந்ததைக் கீழே விட்டாள்.

"நீ சொன்னியேக்கா" என்றாள்.

மழை அரை மணிக்கு மேல் பெய்யவில்லை. நின்றதும் வானம் வெளுத்து, வெயில்கூட அடித்தது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. எவ்வளவு பெரிய மழையாக இருந்தாலும், வழி இருந்தால் இப்படி நிற்காது என்று ரேடியோவுக்குத் தெரியும். வழியில் மரம் கிரம் விழுந்து அடைத்திருக்கும், அண்ணனிடம் சொன்னால் உடனே ஆள் கொண்டு வருவார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் வீடும் அதே தெருவில்தான், கொஞ்சம் மேலே. முட்டிக்கு மேல் தண்ணீரில் நடந்து போனாள். அங்கேயும் தண்ணீர். அண்ணி வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் எங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? நகருங்க, நான் வந்து தூக்கிக் குடுக்குறேன்."

"வேணாம். எல்லாம் நாங்க பார்த்துக்கிட்டோம். நீ உன் வீட்டைப் பாரு."

அண்ணி நகரவில்லை. அவள் தோளுக்கு மேலாக ரேடியோ உள்ளே பார்த்தாள். ஃபிரிட்ஜ் ஹாலோ பிளாக் கல் மேல் நின்றுகொண்டிருந்தது. சும்மா சொருகி வைத்த கல் இல்லை. நிதானமாக, மட்டம் பார்த்து அடுக்கியது. டிவி பரணில் இருந்தது. கட்டில் கால்களுக்கும் கல். பீரோவின் கீழ்த்தட்டு காலி. தரையில் ஒரு துடைப்பம் மட்டும் மிதந்தது.

"எப்ப அண்ணி ஏத்துனீங்க?"

"அது... எலித்தொல்லைன்னு."

"டிவிக்குமா எலி?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "என்னைக் கேக்காத. போன வாரம் உங்கண்ணன்தான் ஏத்தி வச்சாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

ரேடியோ வாசலை விட்டு இறங்கினாள். திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடிவதற்குள் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றி, சேறு மட்டும் நின்றது. ஆளுக்கொரு துடைப்பமும் தகரமுமாகத் தெருவே வழித்துக்கொண்டிருந்தது. ரேடியோ நெட்டையனைப் பார்க்கப் போனாள். நெட்டையன் அவர்கள் கூட்டத்தில் கண்ணாடி பிடிக்கிறவன். வெயிலில் மயங்கி விழுந்தான் என்று சொல்லிப் பல நாளாக வேலைக்கு வராமல் இருந்தான். மேட்டுத் தெருவில் அவன் மாமனார் வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தான்.

"வாங்கக்கா. உங்க தெருவுல தண்ணியாமே. நான் பொழச்சதே பெரிய விஷயம், இல்லன்னா வந்திருப்பேன்."

"அது கிடக்கட்டும். கிடங்குத் துண்டுக்கு யார்டா கண்ணாடி பிடிச்சது?"

"கண்ணாடியா?" அவன் எழுந்து உட்கார்ந்தான். "அந்தத் துண்டுக்கு எங்கக்கா கண்ணாடி பிடிச்சாங்க? நான் உள்ள போனேன். நடுவுல சேறு இல்லக்கா, சிமெண்ட். கிடங்குக்காரன் கழுவி விட்டு விட்டு இறுகிப் போயிருக்கு. கம்பியால குத்தினா தீப்பொறி பறக்குது. அப்பவே கண்ணு இருட்டிச்சு. காலைப் பிடிச்சு இழுத்துத்தான் என்னை வெளிய எடுத்தாங்க. அதுக்கப்புறம் யாரையும் இறக்கலையாமே. மேஸ்திரி மூடிய போடச் சொல்லிட்டாராம்." அவள் முகத்தைப் பார்த்து, "ஏன்க்கா, அவர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றான்.

"சொன்னார்" என்றாள் ரேடியோ.

அண்ணன் அன்றைக்கு வேறு பகுதியில் இருந்தார். விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் நிழலில் நின்று தண்ணீர் குடித்தவர், அவளைப் பார்த்ததும் கேனை மூடினார்.

"கல்லை எப்ப வாங்கினண்ணே?"

அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"இங்க பாரு பாப்பா. அந்த நெட்டையன் உள்ளயே செத்திருப்பான். இன்னொருத்தனை இறக்கிப் பொணமா தூக்கச் சொல்றியா?"

"இறக்க வேணாம். அதை நான் கேக்கல. நீ பண்ணது சரிதான். அடைச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"யார்கிட்ட? ஆபீஸ்ல முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தாச்சு. வேலை எடுத்த கண்ட்ராக்டர் குடுக்கச் சொன்னான். இல்லன்னா வேற மேஸ்திரியப் போட்டுக்குறேன்னான். மழைக்கு இன்னும் நாள் இருக்கு, மெஷின் வச்சு உடைச்சுடலாம்னு நினைச்சேன். அது நேத்தே வந்து தொலையும்னு யார் கண்டா?"

"நீ கண்ட. அதான் ஃபிரிட்ஜைத் தூக்கி வச்ச."

அவர் கேன் மூடியை இன்னும் இறுக்கித் திருகினார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே. உன் கூடப் பிறந்தவதானே."

"உன்கிட்டயா?" அவர் சிரித்துவிட்டார். எரிச்சலில் வந்த சிரிப்பு. "உன்கிட்ட சொன்னா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா ஆபீஸ் வாசல்ல போய் நிப்பாங்க. உன் வாயில என்னைக்கு ஒரு விஷயம் தங்கியிருக்கு?"

ரேடியோ அவர் முகத்தையே பார்த்தாள். குழாயடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கேட்டாள், அவர் சொன்னார் என்றுதான் இதுவரைக்கும் நினைத்திருந்தாள்.

"என் வாயில எதுவும் தங்காதுன்னு உனக்குத் தெரியும். நான் போய்த் தெரு முழுக்கச் சொல்லுவேன்னு தெரியும். அதனாலதான் உண்மைய மறைச்ச. சரி. அப்ப பொய்ய ஏன் என்கிட்ட குடுத்த? அதுவும் தெரு முழுக்கப் போகணும்னுதானே?"

"நான் என்ன பொய் சொன்னேன்? பார்த்தாச்சுன்னு சொன்னேன். பார்க்கத்தான் செஞ்சேன். குனிஞ்சு பார்த்தேன். அடைச்சிருந்துச்சு. பார்த்தாச்சு."

மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் காதில் இது விழுந்தது. அவன் ரம்பத்தை நிறுத்திவிட்டு மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு மறுபடி அறுக்கத் தொடங்கினான்.

அண்ணன் குரலைத் தணித்தார். "நாளைக்கு மெஷின் வருது. யாருக்கும் தெரியாம சரி பண்ணிடுறேன். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. அண்ணனுக்காக."

"இன்னைக்கு சாயங்காலமும் மழைன்னு வானிலைக்காரன் சொல்றான். எல்லார் ஃபோன்லயும் வந்திருக்கு. நேத்தைவிடக் கனமாம்."

"வராது. அவன் சொல்றதெல்லாம் வருதா?"

அவள் ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குத் திரும்பினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் காலை வைக்க இடம் இல்லை. மெத்தை, புத்தகம், பாத்திரம், ஜன்னல் கம்பிகளில் ஈரத் துணி, எல்லாமே காய்ந்துகொண்டிருந்தன. தையல்காரி, பிழைத்த துணியைப் பிழைக்காத துணியிலிருந்து பிரித்துத் தரையில் விரித்திருந்தாள். அலசிப் பார்த்ததில் பாதிக்குக் கறை போயிருந்தது. இன்னொரு தரம் நனையாவிட்டால் தைத்துக் கொடுத்துவிடலாம்.

"எல்லாத்தையும் உள்ள எடுங்க, மேல ஏத்துங்க!" என்று ரேடியோ கத்தினாள். "சாயங்காலம் மறுபடி வருது. தண்ணி போகாது. கிடங்குக்கு அடியில அடைச்சிருக்கு!"

யாரும் அசையவில்லை. விடிந்ததிலிருந்து சேறு வழித்த கைகள். மாடி வீட்டுப் படிக்கட்டில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுவதை நினைக்கவே யாருக்கும் தெம்பு இல்லை.

"ரேடியோ" என்றார் கண்டக்டர், தலையில் கட்டோடு. "முதல்ல பேட்டரிய மாத்திட்டு வா. நேத்து ஒரு ஸ்டேஷன், இன்னைக்கு ஒரு ஸ்டேஷன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதில் விளையாட்டு இல்லை.

"நேத்து பார்த்தாச்சுன்ன. இன்னைக்கு அடைச்சிருக்குங்கிற" என்றாள் மாடி வீட்டுக்காரி. "இதுல எதைம்மா நம்புறது? அடைச்சிருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

ரேடியோ வாயைத் திறந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த புருஷன் மெதுவாகச் சொன்னான். "யோசிச்சுச் சொல்லு. சொன்னா சொன்னதுதான். திருப்பி வாங்க முடியாது."

அவள் தையல்காரியைப் பார்த்தாள். தையல்காரி நிமிரவில்லை, ஒரு சட்டைக் கையின் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் பார்க்கவே இல்ல" என்றாள் ரேடியோ. "கண்ணாடி பிடிக்கல. உள்ள அடைச்சிருக்குன்னு தெரிஞ்சே மூடிய போட்டுட்டு, என்கிட்ட பார்த்தாச்சுன்னு சொன்னார்."

"ஆங், இப்ப அண்ணன் தலையில போடு" என்றாள் மாடி வீட்டுக்காரி. "நேத்து வரைக்கும் எங்கண்ணன் எங்கண்ணன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்ச."

"வாங்க. அவரையே கேளுங்க. வாங்க!"

மேற்கே மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. அதனால்தான் கொஞ்சம் பேர் அவள் பின்னால் போனார்கள். தையல்காரியும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அண்ணன் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். செருப்பு வாசலில் கிடந்தது. ரேடியோ கூப்பிட்டதும் வெளியே வந்து கதவை மறைத்து நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மேஸ்திரி முகமாக மாறியது.

"என்ன எல்லாரும்? என்ன வேணும்?"

"சொல்லுண்ணே" என்றாள் ரேடியோ. "அடைச்சிருக்குன்னு உன் வாயால சொல்லிடு. ஏத்திக்கட்டும். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

அவர் தங்கையைப் பார்க்கவில்லை. கண்டக்டரைப் பார்த்துப் பேசினார். "இங்க பாருங்க, பெரியவரே. நான் எந்தத் துண்டையும் முடிஞ்சுதுன்னு தெருவுல வந்து சொன்னேனா? யார்கிட்டயாவது சொன்னேனா? இவதான் கூவினா. இவளுக்கு நேரத்துக்கு ஒண்ணு கூவணும். நானா பொறுப்பு?"

"பார்த்தாச்சுன்னு நீ சொல்லல?" என்றாள் ரேடியோ.

"எப்ப சொன்னேன்?"

காலையில் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை முறுக்கியாவது பார்த்தார். இப்போது சொல்லவே இல்லை என்கிறார். அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர். அப்பா அடித்தபோதெல்லாம் குறுக்கே விழுந்து முதுகில் வாங்கிக்கொண்டவர்.

"சரிப்பா, அண்ணன் தங்கச்சி சண்டைய நீங்களே தீர்த்துக்குங்க" என்று ஒருவர் திரும்ப ஆரம்பித்தார்.

தையல்காரி மட்டும் முன்னால் வந்தாள். ஒல்லியான உடம்பு. மேஸ்திரியின் கைக்கு அடியில் குனிந்து, யாரும் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அண்ணியின் குரல் ஒருமுறை கேட்டது. தையல்காரி கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்ததும் கண்டக்டரின் முழங்கையைப் பிடித்தாள்.

"போய்ப் பாருங்க. ஃபிரிட்ஜைப் பாருங்க. ஒரு சொட்டு சேறு இல்ல. நேத்து மழையில அவசரமா ஏத்துனவங்க யாரும் இப்படி மட்டம் பார்த்துக் கல் அடுக்க மாட்டாங்க."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். மாடி வீட்டுக்காரி பார்த்தாள். மேஸ்திரி தடுக்கவில்லை, மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. கண்டக்டர் மட்டும், "பீரோ கீழ்த்தட்டைக்கூடக் காலி பண்ணியிருக்கான்யா" என்றார், ஏதோ கைவேலையைப் பாராட்டுகிற குரலில். அவ்வளவுதான். எல்லாரும் ஓடினார்கள்.

தெரு முழுக்கக் கட்டிலும் மெத்தையும் படிக்கட்டு ஏறின. தையல்காரி வீட்டு வாசலிலிருந்து மாடி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று துணியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவும் போய் வரிசையில் நின்றாள். ஒரு கட்டு வந்தது. இரண்டு கையையும் நீட்டினாள்.

தையல்காரி கட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. நீ போய் உன் வீட்டைப் பாரு."

"நான் பொய் சொல்லலடி. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியும். நீ பொய் சொல்லல." தையல்காரி குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஆனா நான் உன்னைத்தானேக்கா கேட்டேன்? உங்கண்ணனையா கேட்டேன்?"

கட்டை ரேடியோவின் கைக்கு மேலாகத் தூக்கி, அடுத்து நின்ற கண்டக்டரிடம் கொடுத்தாள். பின்னாலேயே அடுத்த கட்டு வந்தது. முதல் காற்று தெருவுக்குள் நுழைந்து, காயப் போட்டிருந்த புத்தகங்களின் தாள்களைப் புரட்டியது. தூரத்தில் இடி உருண்டது.

"யாரும்மா அது, வழியில நிக்காத" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ரேடியோ ஒதுங்கி, மதில் ஓரமாக நின்றாள். துணிக்கட்டுகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.